திரையில் தோற்ற காவல் படை, தரையில் ஜெயித்த கதை

2003 ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரிலுள்ள 'ஒய்-12' வளாகத்தில் ஒரு பாதுகாப்புச் சோதனை நடந்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு யுரேனியத்தைச் செறிவூட்டிய இடம் அது. அணு ஆயுதத்துக்கான யுரேனியத்தை இன்றும் அங்கேதான் சேமித்து வைத்திருக்கிறார்கள். சோதனை என்பது இப்படி: எதிரிகளாக நடிக்கும் ஒரு குழு வளாகத்தைத் தாக்கும், காவல் படை தடுக்கும். துப்பாக்கியிலிருந்து குண்டுக்குப் பதில் லேசர் கதிர் வரும். உடம்பில் மாட்டிய சென்சாரில் கதிர் பட்டால் அந்த ஆள் செத்ததாகக் கணக்கு. அன்றைக்கு நான்கு தாக்குதல்கள். நான்கிலும் காவலர்களே ஜெயித்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் வளாகத்தின் அரசுத் தரப்பு மேலாளருக்குச் சந்தேகம் வந்தது, ஏனென்றால் அதே தாக்குதல்களை முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். நான்கில் குறைந்தது இரண்டிலாவது காவல் படை படுதோல்வி அடையும் என்று சிமுலேஷன் சொல்லியிருந்தது. அப்படியிருக்க நான்குக்கு நான்கு எப்படி?

விசாரணை நடந்தது. வளாகத்துக்குப் பொறுப்பான அமெரிக்க எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2004 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. சோதனையில் கலந்துகொள்ளவிருந்த காவல் படையினர் இருவருக்கு, அந்த நான்கு தாக்குதல்களின் சிமுலேஷனையே முன்னதாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கேள்வித்தாள் வெளியான பரீட்சை. முடிவுகளை நம்ப முடியாது என்று அறிக்கை தீர்ப்பளித்தது. அதோடு விடவில்லை. 1980-களின் நடுப்பகுதியிலிருந்தே அங்கே இந்தப் பழக்கம் இருந்தது என்று விசாரணையில் பேசியவர்கள் சொன்னதையும் பதிவு செய்தது. எந்தக் கட்டடம், எந்தச் சுவர் தாக்கப்படும் என்று முன்பே காதில் போடுவது, லேசர் சென்சாரின் பேட்டரியைக் கழற்றுவது அல்லது திருப்பிப் போடுவது, சென்சார் மேல் டேப் ஒட்டுவது, சேறு பூசுவது, வாசலின் தடவுவது. (வாசலின் நான் சேர்த்த மசாலா இல்லை, அறிக்கையிலேயே இருக்கிறது.)

பாதுகாப்பு சிமுலேஷன் எதற்கு உதவும் என்று கேட்டால் நான் முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். நடக்கப்போவதை அது துல்லியமாகச் சொன்னதா இல்லையா என்பது இங்கே இரண்டாம்பட்சம். ஒரு எதிர்பார்ப்பை எழுத்தில் போட்டு வைத்திருந்தது, நடந்தது அதிலிருந்து விலகியது, விலகியதால் ஒருவர் ஏன் என்று கேட்டார். அந்தக் கணிப்பு மட்டும் இல்லாதிருந்தால் நான்கு வெற்றிகளுக்கும் பாராட்டுக் கடிதம் எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.

சரி, கணினி எதைக் கணக்குப் போடுகிறது?

அடிப்படை மிக எளிமையானது. ஊடுருவுபவனுக்கும் காவல் படைக்கும் நடுவில் ஓர் ஓட்டப் பந்தயம். அவன் இலக்கை அடைய எடுக்கும் நேரம் ஒரு பக்கம். அவனைக் கண்டுபிடித்த நொடியிலிருந்து ஆயுதத்தோடு ஆள் வந்து சேர எடுக்கும் நேரம் மறுபக்கம். இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியதில் பெரும்பங்கு நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்துக்கு உண்டு. 1977-ல் அங்கிருந்து 'ஈசி' என்ற கணிப்பு முறை வந்தது. புரோகிராம் எழுதிப் போடக்கூடிய கைக்கால்குலேட்டரிலேயே அதை ஓட்டலாம். இன்றைக்கும் பாதுகாப்புப் பொறியியல் வகுப்புகளில் முதல் பாடம் அதுதான்.

ஒரு கற்பனை வளாகத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போடுபவை. வேலியைத் தாண்ட 20 விநாடி, வெற்றிடத்தைக் கடக்க 30, கட்டடச் சுவரை உடைக்க 120, உள்கதவுக்கு 90, பெட்டகத்துக்கு 180. காவல் படை வந்து சேர 240 விநாடி. வேலியில் ஒரு சென்சார், அது ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.8. சுவரில் ஒன்று, 0.5. உள்கதவில் மிக விலை உயர்ந்த ஒன்று, 0.99.

வேலி தாண்டியதும் பிடிபட்டால் அவனுக்கு இன்னும் 420 விநாடி வேலை பாக்கி. 240-ல் வந்துவிடலாம். சுவர் உடைந்ததும் பிடிபட்டால் 270 விநாடி பாக்கி. அப்போதும் வந்துவிடலாம், மயிரிழையில். உள்கதவில் பிடிபட்டால் பாக்கி 180 தான். அலாரம் அருமையாக அடிக்கும், ஆனால் படை வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆக அந்த 0.99 சென்சார் ஊடுருவலைத் தடுக்கும் கணக்கில் பூஜ்யம். சரியான நேரத்தில் கண்டுபிடிப்பதற்கான வாய்ப்பு வேலியையும் சுவரையும் மட்டுமே பொறுத்தது: இரண்டும் கோட்டைவிடும் வாய்ப்பு 0.2 × 0.5, அதாவது 0.1. மீதி 0.9.

இந்தச் சுவர்தான் இந்த வளாகத்தில் 'கடைசிக் கண்டுபிடிப்புப் புள்ளி'. அதற்குப் பிறகு எவ்வளவு செலவு செய்து சென்சார் பொருத்தினாலும் தடுக்க உதவாது. அதே மாதிரி, முதல் சென்சாருக்கு வெளியே எத்தனை தடைகளை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. யாரும் பார்க்காதபோது திருடனுக்கு அவசரமே கிடையாதே. சாதாரண அறிவுக்குச் சட்டென்று எட்டாத இந்த இரண்டு விஷயங்களையும் ஐந்து வரிக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இப்போது படை வர 240-க்குப் பதில் 300 விநாடி ஆகிறது என்று வையுங்கள். சுவரில் பிடிபட்டாலும் 270 தான் பாக்கி, பிந்திவிட்டது. இனி வேலியை மட்டுமே நம்ப வேண்டும். 0.9 என்பது 0.8 ஆகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். அதோடு வேலிப் பக்கக் கேமரா ஒன்று பழுது, அலாரம் அடித்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் வேலியின் 0.8 நடைமுறையில் 0.2-க்கு இறங்கிவிட்டது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த வாய்ப்பும் 0.2. ஒரு நிமிடத் தாமதமும் ஒரு பழுதும் தனித்தனியாக வந்தால் தாங்கக்கூடியவை. சேர்ந்து வந்தால் வளாகம் திறந்த வீடு.

நிஜ நேரங்கள் இப்படி நறுக்கென்று இருக்காது என்பதால், ஈசி ஒவ்வொரு நேரத்தையும் ஒரு பரவலாக எடுத்துக்கொள்கிறது. சராசரியில் 30 சதவீதம் வரை திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி நேரம் எவ்வளவு சிதறும் என்ற அளவு) இருக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். தகவல் காவலரைச் சென்றடையும் வாய்ப்பையும் தனியாகப் பெருக்குகிறது. இவ்வளவும் ஒரே ஒரு பாதைக்கு. பெரிய வளாகத்தில் வாசல், ஜன்னல், கூரை, சுரங்கக் குழாய் என்று பாதைகள் ஆயிரக்கணக்கில் பிரியும். அவற்றையெல்லாம் அலசி எது மிகப் பலவீனமானது என்று தேடத்தான் பின்னாளில் கணினி உண்மையிலேயே தேவைப்பட்டது.

படை வந்து சேர்ந்துவிட்டது, அப்புறம்? வந்தவர்கள் சண்டையில் ஜெயிக்க வேண்டுமே. அது இரண்டாவது நிகழ்தகவு. இரண்டையும் பெருக்கினால் வருவதைத்தான் அமைப்பின் 'திறன்' என்கிறார்கள். இந்த இரண்டாவது எண்ணுக்கு ராணுவத்தின் போர் சிமுலேஷன்கள் கைகொடுத்தன. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1970-களின் இறுதியில் 'ஜேனஸ்' என்றொரு மென்பொருளை உருவாக்கியது. இரு தரப்பும் தனித்தனித் திரைகளில் உட்கார்ந்து மோதுவார்கள், எதிரி கண்ணில் பட்டால் மட்டுமே திரையில் தெரிவான். அந்த வம்சத்தில் 1997-ல் வந்த 'ஜேகேட்ஸ்', கட்டடத்தின் மாடிகளையும் அறைகளையும் உள்ளே கொண்டுவந்தது. இந்த ஆயுதம், இந்தத் தூரம், இந்த மறைவு என்றால் குண்டு படும் வாய்ப்பு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் கணினி பகடை உருட்டும். ஒரு தடவை ஓட்டினால் அது ஒரு கதை மட்டும்தான். நூறு தடவை ஓட்டினால் எந்த மூலையில் காவலர்கள் திரும்பத் திரும்பச் சாகிறார்கள் என்று தெரியும்.

இப்போது இன்னும் இலகுவான கருவிகள் இருக்கின்றன. சாண்டியாவின் 'ஸ்க்ரைப்3டி' வீடியோ கேம் செய்ய உதவும் யூனிட்டி என்ஜினில் கட்டப்பட்டது. மேஜையைச் சுற்றி நிபுணர்கள் உட்கார்ந்து, 'நான் இந்தக் கதவு வழியாக வருகிறேன்', 'சரி, எனக்கு அங்கே ஒரு ஆள் இருக்கிறார்' என்று பேசிக்கொள்வதை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும். பார்வைக்கு எளிது. என் கணிப்பில், இந்த வகைதான் மிக அதிகமான உண்மைகளை வெளியே கொண்டுவருகிறது, காரணம் அதில் வாக்குவாதம் இருக்கிறது. முழுத் தானியங்கி மென்பொருள் ஒரு எண்ணைத் துப்பிவிட்டு அமைதியாகிவிடும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த சங்கடம். இந்த வகைச் சுவரை இந்தக் கருவியால் உடைக்க எத்தனை விநாடி என்பதைச் சாண்டியாவில் உண்மையிலேயே சுவர் கட்டி உடைத்து அளக்கிறார்கள். அந்த அட்டவணைகள் ரகசியம். எத்தனை பேர், என்ன ஆயுதத்தோடு வருவார்கள் என்று வைத்துக்கொள்வது என்பதை அரசு ஓர் ஆவணமாக நிர்ணயிக்கிறது. அதுவும் ரகசியம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க எரிசக்தித் துறை அந்த ஆவணத்தை 2003 மே மாதம் கடுமையாக்கியது, 2004-ல் இன்னும் கடுமையாக்கியது. எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், முந்தின நாள் வரை பத்திரமாக இருந்த வளாகம் மறுநாள் காலையில் தோற்றுப் போகும். சுவரில் ஒரு செங்கல்கூட மாறியிருக்காது.

இப்படி எல்லாமே ரகசியமாக இருப்பதால், சொல்லிக் கொடுக்கவும் முறைகளை ஒப்பிடவும் பொய்யான வளாகங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். 'லாகாசி குடியரசு' என்று உலக வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு, அங்கே 'லோன் பைன்' அணுமின் நிலையம். வேலி உயரம், காவலர் பணி நேரம் வரை விவரம் உண்டு. பல நாட்டு நிபுணர்கள் இதே நிலையத்தை வருடக்கணக்காகத் திரையில் தாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் தாக்கப்பட்ட அணுமின் நிலையம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி மறுபடியும் ஒய்-12. 2012 ஜூலை 28, விடிவதற்கு முன். 82 வயதுக் கன்னியாஸ்திரி மேகன் ரைஸ், அவரோடு மைக்கேல் வாலி, கிரெகரி போர்ச்சி-ஒபெட் என்று இரண்டு அமைதி இயக்கத்தினர். காட்டுச் சரிவில் இறங்கி வந்து, கம்பி வெட்டும் கருவியால் வேலிகளை ஒவ்வொன்றாக வெட்டி, செறிவூட்டிய யுரேனியத்தைச் சேமிக்கும் கட்டடத்தின் சுவரை அடைந்துவிட்டார்கள். கட்ட 549 மில்லியன் டாலர் செலவான, இரண்டே ஆண்டுகளுக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த கட்டடம் அது. சுவரில் வாசகங்கள் எழுதினார்கள், ரத்தத்தை ஊற்றினார்கள், சுத்தியலால் தட்டினார்கள். காவலர் ஒருவர் வந்தபோது அவருக்கு ரொட்டி கொடுக்க முன்வந்தார்கள்.

அலாரம் அடிக்கவில்லையா? அடித்தது. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சென்சார்கள் தங்கள் வேலையைச் செய்தன. ஆனால் அந்த இடத்தைக் காட்ட வேண்டிய கேமரா ஏறக்குறைய ஆறு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. தலைமை ஆய்வாளர் அறிக்கை அடுக்கிய விஷயங்களில் பழுது பார்க்காத கருவிகளும் ஓயாத பொய் அலாரங்களும் முக்கியமானவை. விலங்கு, காற்று என்று எதற்கெடுத்தாலும் அடிக்கும் அலாரத்துக்குக் காது பழகிவிடும். கட்டடத்துக்குள் இருந்த காவலர்களுக்குச் சுத்தியல் சத்தம் கேட்டிருக்கிறது. பராமரிப்பு வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

நுட்பமாகப் பார்த்தால், 'கண்டுபிடிப்பு' என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. சென்சார் உணர்வதற்கான வாய்ப்பு ஒன்று. உணர்ந்ததைப் பார்த்து, இது நிஜம்தான் என்று ஒரு மனிதர் முடிவு செய்வதற்கான வாய்ப்பு இன்னொன்று. சென்சாரைச் சோதனைச் சாலையில் அளக்கலாம். மனிதரை அளப்பது கஷ்டம். அதிகாலை நாலரை மணிக்கு, அன்றைய எண்ணற்ற அலாரங்களுக்குப் பிறகு இன்னொன்று அடிக்கும்போது அவர் நாற்காலியை விட்டு எழுவாரா? பல கணிப்புகளில் இந்த இரண்டாவது எண்ணை 1-க்கு அருகில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஆசை வரும். அது தப்பு என்று மாதிரி (கணக்குக்காகக் கட்டிய மாடல்) தானாகச் சொல்லாது. மேலே நான் போட்ட கணக்கில் 0.8 எப்படி 0.2 ஆனது என்று பாருங்கள். சூத்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை, உள்ளே போட்ட எண்தான் வேறு.

ஊடுருவியவர்கள் யார் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த வளாகம் தயாரானது ஆயுதமேந்திய, பயிற்சி பெற்ற குழுவுக்கு எதிராக. ரொட்டியோடும் பெயின்ட்டோடும் வரும் மூதாட்டி எந்தப் பட்டியலில் இருந்திருப்பார்? சுடவும் முடியாது, விடவும் முடியாது. சொல்லப்போனால், நாசம் செய்யும் நோக்கத்தோடு அன்றிரவு அதே பாதையில் வேறு யாராவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. மூவருக்கும் 2014-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாச வேலைக் குற்றச்சாட்டை ரத்து செய்ததும் வெளியே வந்தார்கள். ரைஸ் 2021-ல் காலமானார்.

எதிரியைப் பட்டியல் போட முடியாது என்ற இந்தப் பிரச்சினையை அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு ஒன்றும் ஆராய்ந்து, 2011-ல் அறிக்கையாகத் தந்தது. அணு உலை விபத்துகளுக்குப் போடும் நிகழ்தகவுக் கணக்கை அணு ஆயுத வளாகங்களின் பாதுகாப்புக்கும் போடலாமா என்பது கேள்வி. குழுவுக்கு அதில் உடன்பாடில்லை. குழாய் வெடிப்பதற்கும் ஆள் ஊடுருவுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குழாய் உங்கள் திட்டத்தைப் படித்துவிட்டு வேறு இடத்தில் வெடிக்காது. நடைமுறையிலும் இதை ஒப்புக்கொள்வதால்தான், தாக்குதல் நடக்கும் வாய்ப்பைப் பல கணிப்புகளில் 1 என்றே வைத்துவிடுகிறார்கள். அதாவது 'வந்தால் என்ன ஆகும்' என்று மட்டும் கேட்பது. நியாயமான முடிவு. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு கணக்கில் வரும் 'திறன்' எண்ணை, உதாரணத்துக்கு 0.87-ஐ, யாராவது 'இந்த இடம் 87 சதவீதம் பத்திரம்' என்று படித்தால் அது தவறான வாசிப்பு. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட 0.87-ம் 0.74-ம் உதவும். தனியாக நிற்கும் 0.87 எனக்கு எதையும் சொல்வதில்லை.

உள்ளே இருப்பவரே எதிரி என்றால் இந்த ஓட்டப் பந்தயக் கணக்கே ஆட்டம் காண்கிறது. 2014 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் டூல்-4 அணுமின் நிலையத்தில் யாரோ ஒரு வால்வைத் திறந்துவிட, டர்பைனின் மசகெண்ணெய் சுமார் 65,000 லிட்டர் வடிந்துபோனது. எண்ணெய் இல்லாமல் ஓடிய டர்பைன் பழுதானது, நிலையம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. செய்தவர் யாரென்று கண்டுபிடிக்கவில்லை. இங்கே தாண்ட வேலி இல்லை, உடைக்கச் சுவர் இல்லை. அனுமதி அட்டையோடு வந்தவருக்குப் பாதை முழுக்கப் பச்சை விளக்கு. அவர் அவசரப்பட வேண்டியதும் இல்லை. ஒரு வேலையை மூன்று வாரங்களில் பிரித்துச் செய்யலாம். இதற்கும் மாதிரிகள் இருக்கின்றன, ஆனால் அவை தடுப்பு நேரத்தை விட்டுவிட்டு யாருக்கு எந்த அறைக்கு அனுமதி, இருவர் சேர்ந்து போக வேண்டிய இடம் எது என்ற கணக்குக்குப் போய்விடுகின்றன.

சிமுலேஷனைக் கட்டிப்போடும் ஒரே கயிறு நிஜச் சோதனை. அமெரிக்காவில் வணிக அணுமின் நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது லேசர் துப்பாக்கிப் போர் நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. படை வர 240 விநாடி என்று மாதிரியில் எழுதியிருந்தால், அன்றைக்கு நிறுத்துக் கடிகாரத்தில் 310 வரும்போது யாராவது திருத்தியாக வேண்டும். 2003-ல் ஒய்-12-ல் நடந்த தில்லுமுல்லின் உண்மையான சேதம் இங்கேதான். சோதனையைக் கெடுத்தால் மாதிரியைத் திருத்தும் வழியும் கெடுகிறது.

இப்போது இந்தத் துறையில் பணம் போகும் இடம் சிறிய அணு உலைகள். பெரிய நிலையங்களில் ஆயுதம் தாங்கிய தடுப்புக் காவலர்கள் குறைந்தது பத்துப் பேர் எப்போதும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி. மூன்று ஷிஃப்ட், விடுமுறை, பயிற்சி என்று கூட்டினால் சம்பளப் பட்டியல் நீளும். சிறிய உலைக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் உலையைத் தரைக்கடியில் வைக்கிறோம், சுவரைத் தடிமனாக்குகிறோம், காவலர் எண்ணிக்கையைக் குறைக்க அனுமதியுங்கள் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. ஆதாரமாகக் காட்டுவது சிமுலேஷனை. வடிவமைக்கும்போதே பாதுகாப்பைச் சேர்ப்பது நல்ல யோசனைதான், கட்டி முடித்த சுவரை இடிப்பதைவிட வரைபடத்தில் கோட்டை நகர்த்துவது மலிவு. ஆனால் ஒய்-12-ல் ஒப்பிட ஒரு நிஜ வளாகமாவது இருந்தது. கட்டாத உலையில் அளக்க எதுவும் இல்லை. தடுப்பு நேரம் பழைய அட்டவணையிலிருந்து கடன். வந்து சேர வேண்டியது உள்ளூர்ப் போலீஸ் என்றால், அவர்கள் எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பது ஒரு மதிப்பீடு. காற்றும் முயலும் அந்த வேலியில் ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை அலாரம் அடிக்க வைக்கும் என்ற எண்ணைக்கூட, வேலி போடுவதற்கு முன்பே யாராவது ஒருவர் மாதிரிக்குள் எழுதித்தான் ஆக வேண்டும். அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.